குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனை எதற்கு?

உங்கள் பகுதியில் குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனை கட்ட நன்கொடை கேட்கிறார்கள். பொது மருத்துவமனையிலேயே குழந்தைகள் வார்டு இருக்கும்போது இது எதற்கு, வைத்தியம் பார்ப்பதைத் தவிர இவர்கள் குழந்தைக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் அப்படி என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரை உங்கள் உண்மையான சந்தேகம் இதுதான்: சுவரில் யானையும் முயலும் வரைந்து, நர்ஸுகளுக்குப் பூப்போட்ட உடுப்பு கொடுத்துவிட்டால் ஒரு கட்டடம் குழந்தைகள் மருத்துவமனை ஆகிவிடுமா? நியாயமான சந்தேகம். குழந்தை மருத்துவம் படித்து, வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நிர்வாகம், வரவு செலவு, கட்டடக் கணக்கு என் துறை இல்லை. அந்தப் பக்கத்தை வேறு யாராவது எழுதினால் நானும் படிக்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். குழந்தைக்கு மருந்தை எடை பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஒரே வார்டில் 3 கிலோ பச்சைக் குழந்தையும் இருக்கும், 60 கிலோ பதின்வயதுப் பையனும் இருப்பான். டோஸில் இருபது மடங்கு வித்தியாசம். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பெரியவர் ஒருவருக்குப் பத்து மடங்கு போட வேண்டுமானால் பத்துக் குப்பியை உடைக்க வேண்டியிருக்கும், அதற்குள் கை தானாக நின்றுவிடும். பச்சைக் குழந்தைக்கோ அந்தப் பத்து மடங்கும் ஒரே குப்பிக்குள் அடங்கிவிடும், யாருக்கும் உறுத்தாது. ரத்தமும் அப்படித்தான். ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 100 மில்லிக்குள்தான். பெரியவர்களுக்கு எடுப்பது போல் தினமும் இரண்டு மூன்று குழாய் எடுத்தால், பரிசோதனைக்காக எடுத்த ரத்தத்தை ஈடுகட்டவே ரத்தம் ஏற்ற வேண்டி வரும். சில துளிகளை வைத்தே முடிவு சொல்லும் ஆய்வகம் தேவை. இன்னொன்று, நோய் முற்றும்போது குழந்தையின் உடம்பு ரத்த அழுத்தத்தைக் கடைசி வரை தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். அழுத்தம் இறங்கித் தெரியும்போது நிலைமை கையை மீறும் கட்டத்துக்கு வந்திருக்கும். நாடியின் வேகம், மூச்சு, கை கால் சில்லிட்டிருப்பது, அம்மாவைக் கண்டால் அவள் பக்கம் முகம் திரும்புகிறதா என்பதையெல்லாம் வைத்து முன்கூட்டியே பிடிக்க வேண்டும். பெரியவர்களைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடாது. அது அவர்கள் திறமைக் குறைவு இல்லை, பழக்கம்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதிவான உதாரணம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். அங்கே குழந்தைகளுக்கான திறந்த இதய அறுவை சிகிச்சை பெரியவர்களுக்கான மருத்துவமனையில் நடந்தது. குழந்தை இதய நிபுணர்கள் இருந்ததோ தனியாக இருந்த குழந்தைகள் மருத்துவமனையில். அறுவை முடிந்த குழந்தையைப் பெரியவர்களோடு சேர்த்துத்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். 2001இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை மட்டுமே, ஒரு வயதுக்குட்பட்டவர்களில் 30 முதல் 35 குழந்தைகள், மற்ற மையங்களில் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக இறந்திருக்கிறார்கள் என்று கணித்தது. இரண்டு இடமாகப் பிரிந்திருந்தது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. தலைமை, கண்காணிப்பு, குறையைச் சொன்னவரைக் கேட்காதது என்று அறிக்கை நிறைய அடுக்கியது. ஆனால் குழந்தைக்கு வேண்டியவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் முக்கியமானது.

அதற்காக எல்லாக் குழந்தைகளையும் அங்கேதான் கொண்டுபோக வேண்டும் என்று நினைக்காதீர்கள். நிமோனியா, வயிற்றுப்போக்கு, காய்ச்சலில் வரும் வலிப்பு, வீசிங் என்று பெரும்பாலான குழந்தைகளுக்கு வருகிற நோய்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸும் சரியான அளவில் கருவிகளும் உள்ள பக்கத்து மருத்துவமனை வார்டே போதும். சொல்லப்போனால் அதுதான் நல்லது, ஏனென்றால் நேரம் மிச்சமாகும். பிறவி இதயக் கோளாறு, புற்றுநோய், குறைமாதப் பிறப்பு, அரிய மரபணு நோய்கள் போன்றவைதான் பெரிய மையத்தைக் கேட்பவை. அதனால் “வார்டு போதாதா” என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் “பல நேரம் போதும்”. மீதிப் பாதிதான் நீளம்.

மருந்துக்கு அடுத்தது பெற்றோர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்று சாதாரணமாகத் தெரிகிற இந்த விஷயத்துக்குச் சண்டை போட வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேற்கத்திய நாடுகளில் பல குழந்தைகள் வார்டுகளில் பெற்றோர் வாரத்துக்கு ஓரிரு முறை, அதுவும் ஒரு மணி நேரம் போல்தான் உள்ளே வர முடியும். கிருமித் தொற்று என்று ஒரு காரணம். அம்மா வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் சமர்த்தாக இருக்கிறது என்பது இன்னொன்று. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் அந்தச் சமர்த்தைச் சந்தேகப்பட்டார். மருத்துவமனையில் எட்டு நாள் இருந்த ஒரு இரண்டு வயதுக் குழந்தையைத் தினமும் படம் பிடித்து 1952இல் மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டினார். முதலில் அழுகை, அப்புறம் சோர்வு, கடைசியில் அம்மா வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு விலகல். பழகிவிட்டது என்று எல்லோரும் நினைத்த குழந்தை உண்மையில் நம்பிக்கை இழந்திருந்தது என்பதுதான் அவர் வாதம். படத்தைப் பார்த்த பல மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். ஆனாலும் 1959இல் பிரிட்டனின் பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சின்னக் குழந்தையோடு அம்மா தங்கலாம் என்று பரிந்துரைத்தது. அது எல்லா வார்டுகளிலும் நடைமுறைக்கு வர இன்னும் பல வருடம் ஆயிற்று.

இன்றும் ஒரு மருத்துவமனையை நான் எடைபோடுவது இந்த இடத்தில்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோர் இருக்கலாமா, மயக்க மருந்து கொடுக்கும்வரை கூடவே வரலாமா, இரவில் படுக்க ஒரு கட்டில் உண்டா, குளிக்க இடம் உண்டா. வாசலில் ஆயிரம் பலூன் கட்டியிருந்தாலும் “பார்வையாளர் நேரம் மாலை 4 முதல் 6” என்று பெற்றோருக்கும் சேர்த்துப் பலகை மாட்டியிருந்தால் எனக்கு அது குழந்தைகள் மருத்துவமனையாகத் தோன்றுவதில்லை.

பெற்றோர் அருகில் இருப்பது மனசுக்கு மட்டும் என்று சொல்லவும் முடியாது. கொலம்பியாவின் போகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர் 1978இல், இன்குபேட்டர் போதாத நிலையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று பெயர். வசதி இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு என்றே ரொம்ப நாள் நினைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையின் நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இப்படி வைத்தால், முதல் 28 நாட்களில் நேரும் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று தெரிந்தது. அம்மாவின் கட்டில் குழந்தையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே இருந்தால்தான் இதைச் செய்ய முடியும். இங்கேதான் தனிக் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு பலவீனமும் உண்டு. பிரசவம் வேறு கட்டடத்தில், வேறு இடத்தில் நடந்தால், அறுவைத் தையலோடு அம்மா ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம். புதிதாகக் கட்டுபவர்களிடம் நான் கேட்க விரும்பும் முதல் கேள்வி இது.

வலிக்கு வருவோம். பச்சைக் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, மயக்க மருந்துதான் ஆபத்து என்ற எண்ணம் 1980கள் வரைகூடப் பரவலாக இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குச் சரியான வலிநிவாரணி இல்லாமலே அறுவை நடந்திருக்கிறது. 1987இல் ஆனந்த் என்ற மருத்துவரும் குழுவினரும் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஆய்வு, அறுவையின்போது வலிநிவாரணி பெற்ற குழந்தைகள் நன்றாகத் தேறுகிறார்கள், பெறாதவர்களுக்கு உடலில் அழுத்த ஹார்மோன்கள் எகிறிச் சிக்கல்களும் கூடுகின்றன என்று காட்டியது. இப்போது வலிக்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லாத வழிகள் இருக்கின்றன. பச்சைக் குழந்தைக்கு ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுப்பது, இல்லையென்றால் நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல். கொஞ்சம் பெரிய குழந்தைக்குத் தோலை மரத்துப்போகச் செய்யும் க்ரீம். நாலு பேர் சேர்ந்து படுக்க வைத்து அமுக்குவதற்குப் பதிலாக அம்மா மடியில் உட்கார வைத்துக் கட்டிக்கொள்ளச் சொல்வது. இவை வேலை செய்கின்றன என்பதில் தகராறு இல்லை. ஆனால் அந்த க்ரீம் வேலை செய்ய ஒரு மணி நேரம் போல் ஆகும். அவசரத்தில் இருக்கிற வார்டில் யாரும் ஒரு மணி நேரம் முன்னதாகப் பூசி வைக்க மாட்டார்கள். அதை வழக்கமாக்கி வைத்திருப்பதுதான் நல்ல குழந்தைகள் மருத்துவமனையின் அடையாளம். க்ரீம் வாங்குவது யாராலும் முடியும்.

பேசத் தெரியாத குழந்தையின் வலியை அளப்பதும் ஒரு தனிப் பயிற்சி. மூன்று வயதுக்கு மேல் என்றால் சிரிப்பிலிருந்து அழுகை வரை ஆறு முகம் வரைந்த அட்டையைக் காட்டி “உனக்கு எது மாதிரி இருக்கு” என்று கேட்கலாம். அதற்குக் கீழே என்றால் முகம், கால் அசைவு, உடம்பு நெளிவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போடுகிறோம். அட்டையில் சிரித்த முகத்தைத் தொடுகிற குழந்தைக்கு வலி இல்லை என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. வலி என்று சொன்னால் ஊசி வரும் என்று கணக்குப் போட்டுத் தொடுகிற குழந்தைகள் நிறைய.

விளையாட்டை வைத்துச் சிகிச்சைக்குத் தயார்படுத்துவதற்கென்றே சில நாடுகளில் தனி ஊழியர்கள் உண்டு. 1955இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் எம்மா பிளாங்க் என்ற ஆசிரியை தொடங்கிய வேலையிலிருந்து இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. பொம்மைக்கு ட்ரிப்ஸ் போடுவது, மயக்க மருந்து முகமூடியைக் குழந்தையே கையில் வைத்து விளையாடுவது, ஸ்கேன் எந்திரத்தின் சத்தத்தை முன்கூட்டிக் கேட்க வைப்பது எல்லாம் இவர்கள் வேலை. அசையாமல் படுக்கப் பழகிய குழந்தைக்கு ஸ்கேனுக்காக மயக்க மருந்து தேவைப்படாமலே போகலாம், அது பெரிய லாபம். நான்கைந்து வயதுக் குழந்தை தன் குறும்புக்குத் தண்டனையாகத்தான் நோய் வந்தது என்று நம்பிக்கொண்டிருப்பது சகஜம். கேட்காவிட்டால் அது வெளியே வராது, விளையாட்டில் வரும். எவ்வளவு முன்னால் சொல்வது என்பதும் வயதைப் பொறுத்தது. மூன்று வயதுக் குழந்தையிடம் ஒரு வாரம் முன்பே அறுவையைச் சொன்னால் வாரம் முழுக்கப் பயம்தான் மிச்சம், பத்து வயதுக் குழந்தையிடம் அன்றைக்குக் காலையில் சொன்னால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கும். “வலிக்கவே வலிக்காது” என்று மட்டும் எந்த வயதிலும் சொல்லக் கூடாது. ஒரு தடவை பொய் என்று தெரிந்துவிட்டால் அடுத்த இரண்டு வருடச் சிகிச்சைக்கும் அந்தக் குழந்தை யாரையும் நம்பாது.

சரி, யானையும் முயலும்? இங்கே நான் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். சுவர் ஓவியம் குழந்தையைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. இயற்கை வெளிச்சம், சத்தக் குறைவு, தூக்கம் ஆகியவற்றுக்கு அதைவிட வலுவான நியாயம் உண்டு. மருத்துவமனைக் கோமாளிகள் 1986இல் நியூயார்க்கில் ஒழுங்கமைந்த திட்டமாகத் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவினார்கள். அறுவைக்கு முன் உள்ள பதற்றத்தைக் குறைக்கிறார்கள் என்று பல சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கோமாளியைக் கண்டாலே அலறுகிற குழந்தைகளையும் நான் பார்த்திருக்கிறேன். கதவில் நின்று அனுமதி கேட்டுவிட்டு உள்ளே வருகிற கோமாளிதான் பயிற்சி பெற்றவர். மருத்துவமனையில் குழந்தையால் “வேண்டாம்” என்று சொல்ல முடிகிற ஒரே ஆள் அந்தக் கோமாளிதான் என்பதால் சில குழந்தைகள் ஆசையாக வேண்டாம் சொல்வார்கள், அதுவும் ஒரு வைத்தியம்தான் என்று எனக்குத் தோன்றும். கண்ணில் மாட்டும் மெய்நிகர் கருவிகள், ரோபோ பொம்மைகள் விஷயத்தில் விளம்பரம் ஆதாரத்தைவிட வேகமாக ஓடுகிறது.

இனி, குழந்தைக்குச் செய்வதா ஊருக்குச் செய்வதா என்று பிரிக்க முடியாத ஒரு இடம். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் தொடக்கத்தில் அது வந்த குழந்தைகளில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். 1962இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் திறந்த செயின்ட் ஜூட் மருத்துவமனை, குடும்பத்தாரிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை என்ற கொள்கையோடு, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைச் சோதித்து முன்னேறிய இடங்களில் ஒன்று. இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் குணமாகிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குழந்தைகள் குணமாகும்போது பல ஏழை நாடுகளில் அது 30 சதவீதத்துக்கும் கீழே. மருந்து இல்லாதது ஒரு காரணம்தான். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது இன்னொன்று. நடுவில் சிகிச்சையை விட்டுவிட்டுப் போவது மற்றொன்று. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் இழுக்கும். அதுவரை ஒரு பெற்றோர் வேலைக்குப் போக முடியாது, தங்க இடம் வேண்டும், வீட்டில் மற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் மாதத்திலேயே குழந்தை ஓடியாடத் தொடங்கிவிடும், “சரியாகிவிட்டதே” என்று கிளம்பிவிடுவார்கள்.

அதனால் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இலவசத் தங்குமிடம், பஸ் செலவு, சாப்பாடு, வராத குடும்பத்தைத் தேடிப் போன் செய்கிற ஒரு சமூகப் பணியாளர் ஆகியவற்றை நான் கருணைப் பட்டியலில் சேர்ப்பதில்லை, மருந்துப் பட்டியலில் சேர்க்கிறேன். 1974இல் ஃபிலடெல்ஃபியாவில் திறந்த ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் இந்த மாதிரித் தங்குமிடத்துக்கு ஒரு முன்மாதிரி ஆயிற்று. படிப்பும் இதில் சேரும். நல்ல மருத்துவமனைகளில் ஆசிரியர் படுக்கைக்கே வருவார். பள்ளிக்குத் திரும்பும்போது வகுப்புத் தோழர்களுக்கு இந்த நோய் தொற்றாது, முடி மறுபடி முளைக்கும் என்று போய்ச் சொல்ல ஆள் இருக்கும். வீட்டில் இருக்கிற அண்ணன் தங்கைகளைத்தான் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தான் கோபத்தில் திட்டியதால்தான் தம்பிக்கு நோய் வந்தது என்று ரகசியமாக நம்பும் அக்காக்களை எந்த ஸ்கேனும் கண்டுபிடிக்காது.

இரண்டு விஷயங்களை வேகமாகத் தொட்டுவிடுகிறேன். ஒன்று, நாள்பட்ட நோயுள்ள பதின்வயதினரைப் பெரியவர்கள் மருத்துவமனைக்கு மாற்றுவது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் அதை இழக்கும் அபாயம் பதின்வயது முடிந்து இருபதுகள் தொடங்கும் அந்த வயதில்தான் தூக்கலாக இருக்கிறது. பதினெட்டாவது பிறந்தநாளில் ஃபைலைக் கையில் கொடுத்து அனுப்புவது மாற்றம் ஆகாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே தன் மருந்தைத் தானே சொல்லப் பழக்க வேண்டும். மற்றொன்று, குணப்படுத்த முடியாத குழந்தைகள். இவர்களுக்கென்றே முதல் இல்லம் 1982இல் ஆக்ஸ்ஃபோர்டில் திறந்த ஹெலன் ஹவுஸ். நோய் தெரிந்த நாளிலிருந்தே வலியையும் மூச்சுத்திணறலையும் கவனிப்பதுதான் நோய்த்தணிப்புப் பராமரிப்பு. கைவிட்டுவிட்டார்கள் என்ற அர்த்தம் இல்லை, குணப்படுத்தும் சிகிச்சையும் கூடவே நடக்கலாம்.

இனி ஊருக்கு. குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவு, அந்தப் பகுதியில் குழந்தைகளுக்கு எதனால் அடிபடுகிறது என்று முதலில் தெரிகிற இடம். எந்த மாடியிலிருந்து விழுகிறார்கள், எந்த பாட்டிலைக் குடிக்கிறார்கள், எந்தச் சாலையில் வண்டி மோதுகிறது என்பதெல்லாம் அங்கே குவியும். அதை எழுதி வைத்து வெளியே சொன்னால்தான் பயன். பொத்தான் பேட்டரி நல்ல உதாரணம். காசு மாதிரி இருக்கும் அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சுவரை அரித்துப் புண்ணாக்கும். அமெரிக்காவில் இரண்டு குழந்தைகள் மருத்துவமனைகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல், தேன் கொடுத்தால் அந்த அரிப்பு குறைகிறது என்று விலங்குகளில் காட்டினார்கள். அதை வைத்து அங்குள்ள விஷ முறிவு ஆலோசனை மையம், பேட்டரி விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருக்கும், ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற குழந்தைக்கு, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கச் சொல்கிறது. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது, வேறொரு நஞ்சு அபாயம் உண்டு. மனிதக் குழந்தைகளில் எவ்வளவு காப்பாற்றுகிறது என்பதற்கு இன்னும் பெரிய ஆய்வு இல்லை. உறுதியானது ஒன்றுதான்: தேனுக்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வீட்டின் நிலைமைக்குள் போய்க் கைவைத்த மருத்துவமனைகளும் உண்டு. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை 2005 முதல், ஆஸ்துமாவால் திரும்பத் திரும்ப வரும் குழந்தைகளின் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பூஞ்சை, கரப்பான், தூசி ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்ய உதவியது. சின்சினாட்டியில் 2010இல் குழந்தை மருத்துவர்கள் கவனித்தது இன்னும் சுவாரஸ்யம். ஆஸ்துமா உட்படப் பல தொல்லைகளோடு வந்த சில குழந்தைகளின் முகவரியை ஒப்பிட்டதில், அவை ஒரே உரிமையாளரின் பராமரிப்பில்லாத கட்டடங்கள் என்று தெரிந்தது. மருத்துவமனையோடு சேர்ந்து வேலை செய்த இலவசச் சட்ட உதவி வக்கீல்கள் குடியிருப்பவர்கள் சார்பில் பேசிப் பழுதுபார்க்க வைத்தார்கள். இன்ஹேலரை எழுதிக்கொடுத்து, மறுபடி அதே ஈரச் சுவருக்கு அனுப்புவதைவிட இது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்த மாதிரித் திட்டங்களின் ஆண்டறிக்கை எண்களை அப்படியே விழுங்காதீர்கள். ஒரு குழந்தையின் ஆஸ்துமா மிக மோசமாக இருக்கும்போதுதான் திட்டத்தில் சேர்க்கிறார்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த வருடம் அதில் பாதிப் பேர் சுமாராகியிருக்கலாம். சேராத குழந்தைகளோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். வீட்டைச் சரிசெய்வது ஆஸ்துமா வீச்சைக் குறைக்கிறது என்று நான் நம்புகிறேன். அறிக்கை சொல்கிற அளவுக்கு என்பதைத்தான் நம்பத் தயங்குகிறேன். தடுப்பூசி முகாம், காரில் குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையை மாட்டிக் காட்டுவது, பச்சைக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிக் கொடுப்பது ஆகியவற்றுக்கு ஆதாரம் உறுதி. 1990களில் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கிய பின் பல நாடுகளில் தொட்டில் மரணம், அதாவது காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே பச்சைக் குழந்தை இறந்துபோவது, பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு நாள் “விழிப்புணர்வு விழா” நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

வெளியில் தெரியாத, என் பார்வையில் மிகப் பெரிய உதவி, பயிற்சி. பெரிய மையத்தில் பழகிய நர்ஸும் டாக்டரும் சின்ன மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். நடுராத்திரியில் தூரத்து மருத்துவமனையிலிருந்து இளம் டாக்டர் போன் செய்தால், எடுத்துப் பேச ஒரு மூத்தவர் இருக்கிறார். குழந்தையை இங்கே கொண்டுவர, ஓடும் வண்டியிலேயே சிகிச்சை கொடுக்கத் தெரிந்த குழு அனுப்புகிறார்கள். இந்த மூன்றும் இருந்தால், அந்த மருத்துவமனைக்குள் காலே வைக்காத ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கும் அதன் பலன் போய்ச் சேரும். எல்லாக் குழந்தைகளையும் தன் பக்கம் இழுத்து, சுற்றியுள்ள வார்டுகளில் நர்ஸே இல்லாமல் செய்துவிட்டால், ஊருக்கு நஷ்டம்தான். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நன்கொடை கொடுக்கலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை நேரில் போய், இரவில் பெற்றோர் எங்கே படுப்பார்கள், ரத்தம் எடுக்கும்போது வலிக்கு என்ன செய்வார்கள், விளையாட்டு ஊழியருக்குச் சம்பளம் யார் தருவார்கள், சுற்றியுள்ள மருத்துவமனைகளுக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்று கேளுங்கள். விவரமாகப் பதில் வந்தால் கொடுங்கள். கட்டடத்தில் பெயர்ப் பலகை மாட்டப் பணம் கொடுக்க ஆள் கிடைத்துவிடும். தங்குமிடத்துக்கும் ஊழியர் சம்பளத்துக்கும்தான் கிடைப்பதில்லை, முடிந்தால் அதற்கென்று குறிப்பிட்டுக் கொடுங்கள். பொம்மையாகக் கொடுக்க நினைத்தால் கேட்டுவிட்டு வாங்குங்கள். எதிர்ப்புசக்தி குறைந்த குழந்தைகள் இருக்கிற வார்டில் பஞ்சு பொம்மையைச் சேர்க்க மாட்டார்கள், துடைத்துச் சுத்தம் செய்யக்கூடியதுதான் உள்ளே போகும். பதின்வயதினருக்கு யாரும் எதுவும் வாங்குவதில்லை. அவர்களுக்கு ஹெட்ஃபோனோ நீளமான சார்ஜர் வயரோ வாங்கிக் கொடுத்தால் பெரிய உதவி, படுக்கையிலிருந்து பிளக் எப்போதும் எட்டாத தூரத்தில்தான் இருக்கும்.